அவருகிட்டச் சொல்லுங்க தம்பி

காலுக்கு மோட்டார் வந்த வருஷமே இமயமலைக்குச் சனி பிடித்துவிட்டது.

முழங்காலுக்கு மேலும் கீழும் பட்டை போட்டு மாட்டிக்கொள்ளும் அந்தச் சாதனத்தை மூட்டுவலிக்காரர்களுக்காகத்தான் செய்தார்கள். கோயில் படி ஏறலாம் என்று விளம்பரமும் வந்தது. படி ஏற முடிந்த மனிதன் படியோடு நிற்பானா? அடுத்த குளிர்காலத்திலேயே, அனுபவமுள்ள மலையேறிகள் தாடியில் பனி உறைய நடந்த இடங்களில் எல்லாம் குரங்குக் குல்லாயும் முறுக்குப் பையுமாக நம் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் காலுக்குப் பலம் கூடியிருப்பது பனிக்குத் தெரியாது. அது எப்போதும் சரிவதைப் போலச் சரிந்தது. நிறையப் பேர் போனார்கள்.

பிறகு சட்டம் வந்தது. மலைச் சரிவுகளில் மணல் பருமனுக்கு உணர்விகளைத் தூவினார்கள். பனியின் எந்த அடுக்கு எதன் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவை சொல்லும். ஒரு இயந்திரம் அதைக் கணக்குப் போட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். ஆனால் 'போகலாம்' என்ற வார்த்தையை மட்டும் ஒரு மனிதன்தான் பயணியின் காதில் சொல்ல வேண்டும். கணக்கு தப்பினால் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்த ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் நான்தான். குற்றாலிங்கம், சொந்த ஊர் தென்காசி. பெருங்குடியில் ஒரு நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு இமயமலையில் வழி சொல்பவன். நான் நேரில் பார்த்த பனியெல்லாம் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பட்டாணிப் பொட்டலத்தின் மீது படிந்திருந்ததுதான்.

மாடி முழுக்க ஒரு காலத்தில் ஆட்கள் இருந்தார்கள். மற்ற மொழிக்காரர்களை எல்லாம் டெல்லிக்கு மாற்றிய பிறகு, தமிழுக்கு மட்டும் ஒரே ஒரு நாற்காலி மிஞ்சியது. அதில் நான். காபி இயந்திரம் முன்பெல்லாம் 'வணக்கம் குற்றாலிங்கம்' என்று சொல்லும். மென்பொருளைப் புதுப்பித்த பிறகு அதுவும் என்னோடு பேசுவதில்லை. அறைக்குப் போனால் அங்கும் பேச ஆளில்லை. ஆகவே ஒரு நாளில் என்னிடம் பேசுபவர்கள் எல்லாரும் எங்கோ பனியில் மூச்சு வாங்குபவர்கள். அவர்களும் வேறு யாரிடமோ போய்ச் சேர வேண்டியவர்கள்.

நான் பேசுவது அவர்களிடம் நேராகப் போகாது. கம்பெனி வக்கீல்கள் நடுவில் ஒரு வடிகட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் அதைச் சட்டக் காது என்போம். நாங்கள் என்றால் நானும் முன்பு இருந்தவர்களும். என் ஒவ்வொரு வாக்கியமும் அதன் வழியாகப் போய், அதனால் கம்பெனிக்கு வம்பு வராது என்று தேறிய பிறகுதான் பயணியின் காதில் விழும். ஒரு வாய் காபி விழுங்கும் நேரம் ஆகும். இன்னொரு விதியும் உண்டு. பயணி சரிவில் இருக்கும்போது நானாகத் தொடர்பை அறுக்கக் கூடாது. அறுத்தால் அன்றே வேலை போய்விடும்.

அன்று காலை கர்போ கணவாயின் அடிவாரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் தொடர்பில் வந்தார்கள். கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள், தாமோதரன், கோகிலவாணி. இருவரும் அறுபதை ஒட்டியவர்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் துங்சே என்கிற ஊரின் சின்ன ஆஸ்பத்திரியில் அவர்களின் ஒரே மகள் மகிழினி படுத்திருந்தாள். பனிப்பாறை ஆய்வு நிலையத்தில் வேலை. தலைப்பிரசவம். பிரசவத்துக்காக இவர்கள் கிளம்பி வந்து அடிவாரத்தில் நிற்கும்போதே, குறித்த நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. மாப்பிள்ளை கப்பலில். சாலை மூடியிருந்தது, காற்றில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை. அவள் தனியாக இருந்தாள்.

முதல் வாக்கியத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"தம்பி, அவருகிட்டச் சொல்லுங்க, குல்லாய் காதுக்கு மேல ஏறிக் கெடக்குதுன்னு."

கேமராவில் பார்த்தேன். 'அவர்' அந்த அம்மாளுக்குக் கைநீட்டும் தூரத்தில் நின்றார்.

"அம்மா, அவரு உங்க பக்கத்துலதானே நிக்காரு?"

"நிக்கறாருங்க. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். என் வாக்கியம் சட்டக் காதுக்குப் போய், குல்லாயால் கம்பெனிக்குப் பாதகமில்லை என்று தேறி, விண்ணுக்கு ஏறி இறங்கி அவர் காதில் விழுந்தது. அவர் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க தம்பி, எனக்குக் காது நல்லாத்தான் இருக்குதுன்னு."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு நைசாகக் கேட்டேன். "எப்ப இருந்து இப்படி?"

"மகி பத்தாவது படிக்கையில இருந்துங்க" என்றார் தாமோதரன், ரயில் நேரம் சொல்வதைப் போல.

"வீட்ல ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்குவீங்க?"

அதற்கு அந்த அம்மாள் பதில் சொன்னாள். "புள்ள ஊட்டுல இருந்த வரைக்கும் புள்ளகிட்டச் சொல்லுவோம். உங்கொப்பாகிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு. அவ காலேஜ் போனப்பறம் ஃபோன் பண்ணிச் சொல்லுவேன். அவ அவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுவா. அவரு திரும்ப அவளுக்குப் பண்ணி, கொழம்பு என்னன்னு கேப்பாரு."

"ஒரே வீட்டுக்குள்ளயா?"

"ஒரே ரூமுக்குள்ளங்க" என்றார் தாமோதரன். "பெறகு பாருங்க, அவ இந்தச் சிக்னல் இல்லாத ஊருக்கு வேல வாங்கிட்டு வந்துட்டா. ரொம்பச் செரமமாப் போச்சு."

அன்று காலை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், மறைப்பானேன். அவர் முறுக்கை எங்கே வைத்தாள் என்று கேட்பார், நான் கேட்பேன். இடது பையில் என்பாள், நான் சொல்வேன். நடுவில், "நீங்க சாப்டீங்களா தம்பி?" என்று அவள் கேட்டாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன், சட்டக் காது அதை எப்படி விட்டது என்றே தெரியவில்லை. ஒரு குடும்பத்துப் பந்தியில் எனக்கும் ஓர் இலை போட்டது போல இருந்தது. அந்த இலை இவர்களின் சண்டைக்குக் குறுக்கே போட்டிருக்கிறது என்பது வெயில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

கணவாய்க்குச் சற்றுக் கீழே ஒரு அகலமான சரிவு. அதைக் குறுக்கே கடக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு பாறை முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும், அந்தப் பக்கமும் ஒன்று. இயந்திரம் மஞ்சள் காட்டியது. நான் விளக்கினேன்.

"அடியில பழைய பனி. குளிர்ல காஞ்சு ரவை மாதிரி உதிரியாக் கிடக்கு. அது மேல காத்து கொண்டாந்து கொட்டின புதுப் பனி, இறுகிப் பலகையா இருக்கு. ரவை மேல பலகையைச் சாய்ச்சு வச்சு, பலகை மேல ஒருத்தர் நடந்தா எப்படி இருக்கும்?"

"வறுத்த ரவைங்களா?" என்றார் தாமோதரன் அக்கறையாக.

"தம்பி, அவருகிட்டச் சொல்லுங்க, உப்புமாவத் தின்னு மட்டும் பழகுனவரெல்லாம் ரவையப் பத்திப் பேச வேண்டாம்னு."

இதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேறு விஷயம் இருந்தது. ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். ஒருவர் நடுவில் இருக்கும்போது மற்றவர் பாறையில் நின்று, கண்ணை எடுக்காமல் சரிவின் மேல்பகுதியைப் பார்க்க வேண்டும். பலகை உடையும்போது விரிசல் மேலே விழும். நடப்பவருக்கு அது தெரியாது, பார்ப்பவருக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்ப்பவர் அந்த நொடியே கத்த வேண்டும்.

இதைச் சொல்லி முடிக்கும்போதே வரப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது.

விரிசல் விழும். அந்த அம்மாள் பார்ப்பாள். பார்த்து என்ன செய்வாள்? 'தம்பி, அவருகிட்டச் சொல்லுங்க, மேல வெடிக்குதுன்னு' என்பாள். நான் சொல்வேன். சட்டக் காது கேட்கும். ஒரு வாய் காபி விழுங்கும் நேரம். பலகைப் பனி அவ்வளவு நேரம் காத்திருக்காது. என் வார்த்தை போய்ச் சேரும்போது, அதைக் கேட்க வேண்டிய காது ஓர் ஆள் ஆழத்தில் இருக்கும்.

இயந்திரத்தின் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. இறுக்கம், சாய்வு, வெப்பம், பார்ப்பதற்கு ஓர் ஆள். பார்க்கிற ஆள் பேசாத ஆள் என்று போட அதில் இடமில்லை.

"ரெண்டு பேரும் நெஞ்சுல இருக்கிற நீலப் பொத்தானை அமுக்குங்க" என்றேன். "அது நேர் வழி. ஒருத்தர் பேசுறது அப்பவே மத்தவருக்குக் கேக்கும். நான் நடுவுல வேண்டாம்."

இருவரும் அசையவில்லை.

"அமுக்குங்க சார்."

"அவங்களை மொதல்ல அமுக்கச் சொல்லுங்க."

"அவரு அமுக்கட்டுமுங்க."

"அம்மா, இது விளையாட்டு இல்ல. நான் சொல்லிச் சேருறதுக்குள்ள பனி வந்துரும்."

"நீங்க வெரசாச் சொல்லுவீங்க தம்பி. காலைல இருந்து எவ்வளவு அழகாச் சொல்லிட்டு வர்றீங்க" என்றாள். அந்தப் பாராட்டை நான் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை.

"சரி, சிவப்பு போடுறேன். திரும்பிருங்க."

"திரும்பி எங்கீங்க போறது?" என்றார் தாமோதரன். "வந்த வழியில வெயில் ஏறிப்போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? நீங்க சிவப்புப் போடுங்க, கருப்புப் போடுங்க, நான் போறேன். என்ற புள்ள அங்க ஒத்தையில கெடக்கறா. அந்தம்மா வேணும்னா இங்க உக்காரட்டும்."

"நான் எதுக்கு உக்காரோணும்? பெத்தது நானு."

அவர் சொன்னது சரி. பின்னால் வந்த சரிவுகள் இளகிவிட்டிருந்தன. திரும்புவது இதைவிட மோசம். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தச் சரிவுக்கும் வெயில் வந்துவிடும்.

நேர் வழிக்கு இன்னொரு வழி உண்டு. மையத் தொடர்பு அறுந்துபோனால் அது தானாகவே திறந்துகொள்ளும். ஆபத்துக்கால ஏற்பாடு. அப்போது கேமரா நின்றுவிடும், திரையில் ஆளுக்கொரு புள்ளிதான் தெரியும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவதுதான் போகாது.

சுற்றிப் பார்த்தேன். காலி நாற்காலிகள். யோசனை கேட்க யாருமில்லை, தடுக்கவும் யாருமில்லை. "போகலாம்" என்று சொன்னேன். அது போய்ச் சேரும் வரை காத்திருந்தேன். பிறகு தொடர்பை அறுத்தேன்.

'மையத் தொடர்பு இல்லை. நேர் வழி திறந்துள்ளது' என்று பதிவுக் குரல் அவர்களிடம் சொன்னது.

"தம்பி?" என்றாள் கோகிலவாணி. "தம்பி, இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று வாய் வரை வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன், ஒலிவாங்கி செத்திருந்தும்.

காற்று. இரண்டு மூச்சுகள். ஒன்று கனமாக, ஒன்று சன்னமாக. வெகு நேரம் வேறொன்றும் இல்லை. இவர்கள் வீட்டு மாலை நேரமெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்திருக்கிறாள்.

அப்புறம் கோகிலவாணி பாறையிடம் பேசினாள். "கைத்தடி வாரைக் கையில சுத்திக்கிட்டே போனா, பனி இழுக்கையில கையையும் சேத்து இழுக்கும்னு அந்தத் தம்பி சொன்னாப்ல. யாரு காதுல விழுந்துச்சோ, என்னமோ."

"எல்லாந் தெரியும்" என்றார் தாமோதரன், ஆகாயத்திடம். ஆனால் வாரைக் கழற்றும் சத்தம் கேட்டது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நடுவில் ஆள் இல்லையென்றால் பாறை. பாறையும் இல்லையென்றால் பனியையே தூது அனுப்புவார்கள். வேலையையும் தொலைத்து, காரியத்தையும் கெடுத்துவிட்டேன்.

அவர் இறங்கினார். மோட்டார் காலின் முனகல், பனி நெரியும் சத்தம். திரையில் அவரது புள்ளி மெல்ல நகர்ந்தது. கால்வாசி தூரம். இன்னும் கொஞ்சம்.

'ஹும்ப்.'

மலைப்பனியை நேரில் பார்த்ததில்லை என்றேனே தவிர, இந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய மூட்டையை யாரோ பக்கத்து அறையில் போட்டது போல இருக்கும். அடியில் ரவை நொறுங்கி, பலகை ஒரு விரல் அளவு கீழே உட்காரும் சத்தம்.



"தம்பி, அவருகிட்டச் சொல்..."

பாதியில் நின்றாள். அந்தப் பக்கம் தம்பி இல்லை.

"மாமா!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. காலையிலிருந்து நான் சுமந்துகொண்டிருந்த குரல் அது இல்லை.

"மாமா! மேல வெடிக்குது! முன்னால போவாதீங்க! என்ற பக்கம் ஓடியாங்க! திரும்பி ஓடியாங்க மாமா!"

அவர் 'ஏன்' என்று கேட்கவில்லை. மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தக் குரலை நோக்கி ஓடினார். மோட்டார் கால் அலறியது. அதற்கு மேல் ஒரு சத்தம் வந்தது, நூறு லாரி ஜல்லியை ஒரே சமயத்தில் கொட்டியது போல. ஒலிவாங்கிகள் இரண்டும் அடைத்துக்கொண்டன. திரையில் சரிவு முழுவதும் சிவந்து, பிறகு வெறுமையானது. அவரது புள்ளியைக் காணோம்.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

ஒருவர் இருமினார். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவரது புள்ளி காணாமல் போகவில்லை. அவளது புள்ளியின் மேல் இருந்தது.

"அடிபட்டுச்சுங்களா?"

"இல்ல."

"கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லைங்கறன்ல."

"காட்டுங்கன்னா."

கையுறை கழலும் சத்தம்.

"நான் கத்துனா ஓடியாந்துருவீங்களா? எப்பேர்ப்பட்ட ரோசக்காரரு நீங்க!"

"கூப்பட்ட. வந்தேன்" என்றார் தாமோதரன். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "இத்தன வருசத்துல ஒருக்கா இப்படிக் கூப்பட்டிருக்கறதுதான?"

"நான் எதுக்குக் கூப்படோணும்? என்ற ஸ்கூட்டர வித்தது ஆரு? ஒரு வார்த்தை என்னயக் கேட்டீங்களா? காலைல பள்ளிக்கோடத்துக்குப் பாடம் எடுக்கப் போலாம்னு வெளிய வந்தா வண்டியக் காணோம். தெருவே பாக்க நிக்கறேன். ஏன்னா, வித்தாச்சுன்னு புள்ளகிட்டச் சொல்றீங்க."

"நீ ரவுண்டானாவுல விழுந்து கெடந்தப்ப நானு வந்து பாத்தனல்ல. மண்டையெல்லாம் ரத்தம்."

"அது ஆறிப்போச்சு."

"எனக்கு ஆறல."



"பயமா இருக்குது கோகிலான்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான மாமா?"

"அதத்தான் சொல்லச் சொல்லலாம்னு பாத்தேன். புள்ளகிட்ட எப்படிச் சொல்லி அனுப்பறது, அத?"

அவள் அழுதாளா, சிரித்தாளா என்று ஒலிவாங்கி வழியாகச் சொல்ல முடியாது. அதற்கு நேரில் இருக்க வேண்டும்.

எனக்கு மட்டும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் இருந்த பலகை மொத்தமும் கீழே போய்விட்டது. மிஞ்சியிருப்பது அடிப்படுகை மட்டும். காலையில் இருந்ததைவிட இப்போது கடப்பது நல்லது, ஆனால் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் பனிக்கு வெயில் வருவதற்குள் கடக்க வேண்டும். தொடர்பை மறுபடி இணைத்தேன்.

"அம்மா, லைன் வந்துருச்சு. குற்றாலிங்கம் பேசுறேன்."

ஒரு வாய் காபி.

"தம்பி, செத்த சும்மா இருங்க" என்றாள் கோகிலவாணி. "நாங்க பேசிட்டிருக்கோம்."

பேசட்டும் என்று விட்டேன். வெயிலின் விளிம்பு உச்சியைத் தொடப் போகையில்தான் மறுபடி வாயைத் திறந்தேன். ஒருவர் பின் ஒருவராகக் கடந்தார்கள். அவர் போகையில் இவளும், இவள் போகையில் அவரும் ஒரு நொடி விடாமல் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு பத்திரமான கண்காணிப்பை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. கணவாயைத் தாண்டி இறக்கத்தில் ஆபத்து இல்லை. தாமோதரன் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். அவளும் கழற்றினாள். போய்வருகிறோம் என்று என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

மாலையில் துங்சே ஆஸ்பத்திரியின் சாட்டிலைட் ஃபோனிலிருந்து அழைப்பு வந்தது. மகிழினி.

"அண்ணா, எங்கம்மா அப்பாவக் கூட்டிட்டு வந்தது நீங்கதானுங்களா? கீழ வாசலுக்கு வந்துட்டாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க." வலி ஒன்று வந்து போகும் வரை நிறுத்தினாள். "அம்மா அப்பாகிட்டச் சொல்லச் சொல்லி ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா? அப்பா ஏதாச்சும் சொன்னாருங்களா? இப்பவே சொல்லிருங்க, வாங்கி வச்சுக்கறேன். வந்ததும் ஆளுக்கொரு பக்கம் உக்காந்து ஆரம்பிப்பாங்க. அடுத்த வலிக்குள்ள முடிச்சுப்போட்டா எனக்குச் சௌரியம்."

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணுமே இல்லீங்களா?"

"அவங்களே பேசிக்கிட்டாங்க."

"நேராவா?"

"நேராத்தான்."



"ஆரு மொதல்ல?" சின்னக் குரலில் கேட்டாள். பத்தாவது படிக்கும் பிள்ளையின் குரல்.

"அம்மா கூப்பிட்டாங்க. அப்பா ஓடி வந்தாரு."

"நடுவுல நிக்க முடியாமத்தாண்ணா நான் இவ்வளவு தூரம் ஓடியாந்தேன்" என்றாள். "சிக்னல் இல்லாத ஊராப் பாத்துத் தேடி வேல வாங்குனேன். அம்மாகிட்டயும் சொல்லல, அப்பாகிட்டயும் சொல்லல. இனி நான் சும்மா மகளா மட்டும் இருந்தாப் போதுங்களாண்ணா?"

"போதும்மா" என்றேன்.

என் ஒலிவாங்கியின் விளக்கு சிவந்திருந்தது. மேலிடம் காலை நடந்ததைக் கேட்டு முடித்து, என் குரலை வெட்டியிருந்தது.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களாண்ணா?"

அவளுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது.

"பூட்ஸ வெளிய கழட்டுங்க மாமா. ஆஸ்பத்திரி இது."

"கழட்டறேன். நீ மொதல்ல உள்ள போ, புள்ள பாக்குது."

"நீங்களும் வாங்க."

பிறகு மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை, பிடிபட வேண்டிய அவசியமும் இல்லை. அதற்குள் என் காதையும் எடுத்துவிட்டார்கள்.

ஹெட்செட்டைக் கழற்றாமல், காலியான மாடியில், இன்னொரு முறை சொன்னேன்.

"போதும்மா."